வீட்டைப் படம்பிடிக்க ட்ரோன் மட்டும் போதுமா?

வீடு, மனை விற்பனைக்கான வீடியோ எடுக்கக் கற்பவர்கள் ட்ரோன் வாங்கத்தான் முதலில் ஆசைப்படுகிறார்கள். முதலில் பழக வேண்டியது கைக்கேமரா என்பேன். மேலிருந்து பார்த்தால் மொட்டைமாடியும் தெருவும் தெரியும். கூடத்திலிருந்து சமையலறைக்கு எப்படிப் போவது, படுக்கையறையில் வெளிச்சம் எவ்வளவு என்பதெல்லாம் நடந்து காட்டினால்தான் புரியும். அதற்குக் கேமரா ஆடாமல் தாங்கும் கிம்பல் மட்டும் போதாது. முழங்காலைச் சற்றே மடக்கி, கேமராவை மார்பு உயரத்தில் பிடித்து, மெதுவாக நடக்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 நொடியில் வைத்தால் விளக்கொளி பட்டை பட்டையாகத் துடிக்காது. மிக அகன்ற லென்ஸ் பத்தடி அறையைக் கல்யாண மண்டபமாக்கிவிடும். அதை நம்பி நேரில் வருபவர் எரிச்சலோடுதான் திரும்புவார்.

காலி மனைக்கு ட்ரோன்தானே முக்கியம் என்று கேட்கலாம். நியாயம்தான், அணுகுசாலை, பக்கத்து ஏரி, தாழ்வான நிலம் எல்லாம் அதில்தான் துலங்கும். ஆனால் 2021 ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். அந்த விதிகள் பச்சை மண்டலம் என்று வகுத்த பகுதியில் 400 அடி வரை முன் அனுமதி தேவையில்லை. இரண்டு மாடி வீட்டுக்கு அறுபது அடியே தாராளம். விமான நிலையத்தை ஒட்டிய மனை என்றால், இந்த மண்டலங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் ட்ரோனைக் கிளப்பவே கூடாது.