வேலைக்குத் திரும்பலாமா? இதயத்தின் பதிவு சொல்லும் விடை

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புவோர் பலரும் கேட்கும் கேள்வி, "பழைய வேலைக்கு எப்போது போகலாம்?" என்பதாகும். கல்லாவில் அமர்ந்திருப்பவருக்கும் மூட்டை தூக்குபவருக்கும் ஒரே விடை பொருந்தாது. டிரெட்மில் பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். வேலையோ எட்டு மணி நேரம் நீள்கிறது. வெயிலும் படிக்கட்டும் மன அழுத்தமும் பரிசோதனை அறையில் இருப்பதில்லை. ஆகவே, தேவைப்படும் சிலருக்கு, அணிந்தவாறே வேலை செய்யத்தக்க ஹோல்ட்டர் கருவியை மருத்துவர் பரிந்துரைக்கிறார்.

அமெரிக்க அறிவியலாளர் நார்மன் ஹோல்ட்டர் 1940-களில் உருவாக்கிய முதல் கருவி ஏறத்தாழ 38 கிலோ எடையுடையது. முதுகில் சுமக்க வேண்டியிருந்தது. இன்றைய கருவி சட்டைப்பையில் அடங்கும். மார்பில் ஒட்டப்படும் மின்முனைகளின் வழியே, பெரும்பாலும் 24 அல்லது 48 மணி நேரம், இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும்.

ஓய்வில் ஒருவரின் துடிப்பு நிமிடத்திற்கு 70, பரிசோதனையில் எட்டிய உச்சம் 140 எனக் கொள்வோம். இடைவெளி 70. நாள் முழுவதும் செய்யும் வேலையில் சராசரித் துடிப்பு இந்த இடைவெளியின் 30 விழுக்காட்டளவில், அதாவது 91-ஐ ஒட்டி இருப்பது நலம் என்பது பொதுவான அளவுகோல். துடிப்பின் ஒழுங்கு தவறியதா என்பதையும் மருத்துவர் ஆராய்வார். துடிப்பைக் குறைக்கும் மாத்திரை உட்கொள்வோருக்கு, 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு பொருந்தாது.

கருவி அணியும் நாளில் கவனிக்க வேண்டியவை:

• மருத்துவர் அனுமதித்த வேலைகளை வழக்கம்போல் செய்யுங்கள். அன்று மட்டும் ஓய்ந்திருந்தால், பதிவு ஓய்வையே காட்டும்.

• எந்த நேரத்தில் என்ன செய்தீர்கள், என்ன உணர்ந்தீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். எழுத இயலாதவருக்குக் குடும்பத்தினர் உதவலாம்.

• கருவி நனையலாகாது, குளியலைத் தவிர்க்கவும்.

• மருத்துவர் கூறினாலன்றி மாத்திரைகளை நிறுத்த வேண்டாம்.

• மார்பு வலி, மூச்சுத்திணறல், மயக்கம் ஏற்பட்டால் வேலையை நிறுத்தி உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். வழக்கமான ஹோல்ட்டர் கருவி பதிவு மட்டுமே செய்யும். எவருக்கும் எச்சரிக்கை அனுப்பாது.

அச்சத்தால் "வேலையே வேண்டாம்" என்பர் குடும்பத்தினர். வருமானம் கருதிக் களைப்பை மறைப்பார் நோயாளி. இரண்டிற்கும் இடையே நிற்பது இப்பதிவு. வேலையைக் கைவிடாமல், சுமையைப் பிரித்துத் தூக்குவதும், இடையிடையே இளைப்பாறுவதும், உச்சி வெயிலைத் தவிர்ப்பதும் சிலருக்குப் போதுமானதாக இருக்கலாம். முடிவை மருத்துவருடன் கலந்து எடுங்கள்.