பூகம்பத்திற்குப் பின் மலையோடைகளைப் பரிசோதித்தல்

அல்லிநகரத்திற்கு மேற்கே உயர்ந்து நிற்கும் மலைத்தொடரிலிருந்து இறங்கும் ஓடைகள் அடிவார நிலங்களுக்கு நீரும் வண்டலும் அளிக்கின்றன. அவையே சில சமயங்களில் பெருநாசத்தையும் விளைவிக்கக்கூடும். பூமி அதிர்ந்து ஓய்ந்ததும் அபாயம் நீங்கிற்று என்று ஜனங்கள் எண்ணுவது இயல்பு. மலையடிவாரத்தில் அவ்வெண்ணம் பிழையாகும்.

அதிர்ச்சியினால் சரிவுகளில் வெடிப்புகள் உண்டாகின்றன. மண்ணும் கல்லும் பெயர்ந்து ஓடைகளில் குவிகின்றன. பின்னர்க் கனமழை பெய்யுங்கால் அக்குவியல் சேறாகக் குழைந்து, பாறைகளையும் மரங்களையும் வாரிக்கொண்டு, வெறும் வெள்ளத்தினும் மிகுந்த வலிமையுடன் பாய்கிறது. சீன தேசத்தில் 2008 மே 12ல் வென்சுவான் பூகம்பம் நிகழ்ந்தது. அதே வருஷம் செப்டம்பர் 24ல் பெய்த மழையில், பெய்சுவான் பிரதேசத்து ஓடைகள் பலவற்றில் இத்தகைய சேற்றுப் பெருக்கு உண்டாயிற்று. பெருக்கைத் தூண்டுவதற்குப் போதுமான ஒரு மணி நேர மழையளவு, பூகம்பத்திற்கு முன்னிருந்ததைவிடக் கால் பங்கிற்கு மேல் குறைந்துவிட்டதாக ஆராய்ச்சியாளர் கண்டனர்.

இப்பக்கத்து அதிர்ச்சிகள் அத்துணைப் பெரியனவல்ல. 1988 ஜூன் 7ல் நெடுங்கண்டம் அருகிலும், 2000 டிசம்பர் 12ல் ஈராற்றுப்பேட்டை அருகிலும் நேர்ந்தவை முறையே 4.5, 5.0 அளவினவே. ஆயினும் மலைமுகட்டிற்கு அப்பால், இடுக்கி ஜில்லாவின் பெட்டிமுடியில், 2020 ஆகஸ்டு 6 இரவு மழையினால் மட்டுமே நேர்ந்த சரிவு 70 உயிர்களைக் கொண்டுபோயிற்று. மழை ஒன்றே இவ்வளவு செய்யுமாயின், அதிர்ச்சியால் தளர்ந்த சரிவைப் பாராமல் விடுதல் தகாது.

அதிர்ச்சி உணரப்பட்டால், மழைக்கு முன்னரே, வானம் தெளிந்த பகற்பொழுதில், இருவர் மூவராகச் சென்று கவனிக்க வேண்டியவை:

(1) சரிவின் மேற்புறத்தில் பிறைபோல் வளைந்த புதிய வெடிப்புகள், சாய்ந்த மரங்கள், புதிதாகக் கசியும் ஊற்றுகள் உளவா?

(2) ஓடையில் எவ்வளவு தளர்ந்த மண்ணும் கல்லும் குவிந்துள்ளன? நான்கு அடிக்கு ஓர் அடிக்கு மேல் இறங்கும் ஓடையில் பெருங்குவியல் இருப்பின் அபாயம் அதிகம்.

(3) ஓடை சமவெளியில் இறங்கும் வாயில், பெருங்கற்கள் சேற்றுடன் கலந்து விசிறிபோல் பரந்துள்ளனவா? அங்கே முன்னொரு காலத்தில் பெருக்கு வந்திருத்தல் கூடும். மீண்டும் வருதலும் கூடும்.

(4) அவ்விடத்தில் வீடு, மாட்டுக்கொட்டகை, மோட்டார் அறை எவையேனும் உளவா?

கண்டவற்றைக் கிராம நிர்வாக அலுவலர் குறித்து, தாசில்தாருக்குத் தாமதமின்றி அறிவித்தல் வேண்டும். வெடிப்புகள் பெரியனவாயின் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையாரின் பரிசோதனையைக் கோரலாம். வெடிப்புகளுக்குள் நீர் புகாதவாறு மேல்வாய்க்காலைத் திருப்பிவிடுதல் நிலமுடையார் செய்யத்தக்கது. ஓடையின் குவியலைத் தாமே வெட்டிவிட முயலுதல் கூடாது.

கனமழையின்போது ஓடையின் நீர் திடீரெனக் குறைந்தாலும், கலங்கினாலும், மேலே இடிபோன்ற ஓசை கேட்டாலும், ஓடையை ஒட்டிக் கீழ்நோக்கி ஓடாமல், பக்கவாட்டில் மேட்டுநிலத்திற்கு ஏற வேண்டும். பொருளையும் கால்நடையையும் எடுக்கத் திரும்புதல் ஆகாது. அடிவாரத்தில் குடியிருப்போர் ஐப்பசி மழைக்கு முன்பே தத்தம் மேட்டுவழியைக் குடும்பத்தாருக்குக் காட்டிவைப்பாராக.