உங்களுக்குத் தெரியுமா? அழகுக்கு இலக்கணம் தேடியவர்கள்

பண்டைய கிரேக்கர்களின் ஒன்பது மியூஸ் தேவதைகளில் வானியலுக்கு ஒருத்தி உண்டு, வரலாற்றுக்கு ஒருத்தி உண்டு. ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் யாரும் இல்லை! பார்த்தினான் கோயிலின் சிற்பங்களைச் செதுக்கிய அந்தச் சமூகம் சிற்பத்தைக் கப்பல் கட்டுவது, செருப்புத் தைப்பது போன்ற கைத்திறன்களோடுதான் சேர்த்து வைத்திருந்தது.

ஃபிளாரன்ஸ் நகரத்து ஓவியர்கள் நெடுங்காலம் மருத்துவர்கள், மருந்து வணிகர்களின் சங்கத்தில் உறுப்பினர்களாக இருந்தார்கள். நிறப்பொடிகள் மருந்துக்கடையில்தான் விற்றன. சிற்பிகள் கல், மர வேலை செய்வோர் சங்கத்தில் இருந்தார்கள். பொற்கொல்லர்களோ பட்டு வணிகர் சங்கத்தில். அங்கே 1563இல் ஓர் அகாதமி தொடங்கப்பட்டது. அதன் ஓவியர்களுக்குச் சங்கக் கட்டாயத்திலிருந்து 1571இல் விலக்குக் கிடைத்தது.

இசை, கவிதை, ஓவியம், சிற்பம், நடனம் ஐந்தும் ஒரே குடும்பம் என்று பிரான்சின் ஷார்ல் பத்தே 1746இல் ஒரு நூலில் எழுதினார். அழகிய இயற்கையைப் போலச் செய்வதே இவை அனைத்துக்கும் பொது என்பது அவர் வாதம். வாதத்தைப் பின்னால் பலர் கைவிட்டார்கள். குடும்பம் மட்டும் கலையவில்லை. ‘நுண்கலைகள்’ என்று நாம் இயல்பாகச் சொல்லும் தொகுப்புக்கு ஐரோப்பாவில் வயது முந்நூறுகூட ஆகவில்லை.

அழகியல் என்ற துறைக்குப் பெயர் வைத்தவருக்கு அப்போது வயது 21. அலெக்சாண்டர் பௌம்கார்ட்டன், ஜெர்மனியின் ஹாலே நகரில் 1735இல் கவிதை பற்றி லத்தீனில் ஓர் ஆய்வேடு எழுதினார். தர்க்கத்துக்கு இருப்பதைப் போலப் புலனறிவுக்கும் ஒரு தனி இயல் வேண்டும் என்று அதில் கேட்டார். அந்த இயலை அவரே 1750இலும் 1758இலும் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். நோயோடு போராடியபடி எழுதிய அந்த நூல் முடியாமலே 1762இல் இறந்துபோனார்.

இம்மானுவேல் காண்ட் 1781இல் ஓர் அடிக்குறிப்பில் பௌம்கார்ட்டனின் முயற்சி வீண் என்று எழுதினார். ரசனையைப் பகுத்தறிவின் விதிகளுக்குள் அடைக்க முடியாது என்பது அவர் கருத்து. ஒன்பதே ஆண்டுகளில், 1790இல், அதே காண்ட் எழுதிய ‘தீர்ப்பாற்றல் பற்றிய விமர்சனம்’ ஐரோப்பிய அழகியலின் மையநூலாகிவிட்டது. ஓர் அரண்மனை அழகாக இருக்கிறதா என்று கேட்டால், அது மக்களின் உழைப்பை வீணடித்துக் கட்டியது என்று பதில் சொல்லலாம். அது நியாயமான பதில்தான், ஆனால் கேட்ட கேள்விக்கு உரியதல்ல என்கிறார் காண்ட். ஆதாயமோ ஆசையோ கலவாமல் பார்க்கும் பார்வையே அழகைக் காணும் பார்வை என்று விளக்க அவர் எடுத்த உதாரணம் இது. உழைப்பைச் சுட்டும் அந்தப் பதிலை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை.

இனி ‘உன்னதம்’ என்ற கருத்துக்கு வருவோம். இதன் கதைதான் எல்லாவற்றையும்விட நீளமானது. உன்னதம் பற்றிய பழைய கிரேக்க நூலை எழுதியவர் யார் என்று இன்றுவரை உறுதியாகவில்லை. பாரிஸில் இருக்கும் பத்தாம் நூற்றாண்டுச் சுவடியிலேயே ‘டயோனிசியஸ் அல்லது லாங்கினஸ்’ என்றுதான் இருக்கிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏடுகள் தொலைந்தும்விட்டன. ஆனாலும் நாம் அதற்குப் பட்டிருக்கும் கடன் பெரிது. காதலின் தவிப்பில் உடல் நடுங்குவதைச் சொல்லும் கிரேக்கப் பெண்கவிஞர் சாஃபோவின் புகழ்பெற்ற கவிதையை அந்த முகம் தெரியாத ஆசிரியர் எடுத்துக்காட்டாகத் தந்திருக்காவிட்டால், அது நமக்குக் கிடைத்தே இருக்காது.

1674இல் புவாலோ என்ற கவிஞர் அந்த நூலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகு ஐரோப்பா முழுக்க உன்னதம் பற்றிய பேச்சானது. 1757இல் எட்மண்ட் பர்க் அதற்கு ஒரு புதுத் திருப்பம் தந்தார். அழகானது சிறியது, வழவழப்பானது, மென்மையானது. உன்னதத்தின் வேரோ அச்சம் என்றார். இருள், வெறுமை, எல்லையின்மை, மௌனம் எல்லாம் நம்மை நடுங்க வைக்கின்றன. ஆபத்து நம்மை நெருங்காத தொலைவில் இருக்கும்போது அந்த நடுக்கமே ஒருவகை இன்பமாகிறது.

இதே பர்க் 1785 பிப்ரவரி 28 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆற்காடு நவாபின் கடன்களைப் பற்றிப் பேசினார். மதராஸிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்கள் உள்ளிட்டவர்களுக்கு நவாப் தர வேண்டியதாகச் சொல்லப்பட்ட பெருந்தொகையை, விசாரணையே இல்லாமல் அவர் ஆண்ட கர்நாட்டிக் சீமையின் வருமானத்திலிருந்து கொடுக்க அரசு முன்வந்ததே காரணம். 1780இல் அந்தச் சீமைக்குள் ஹைதர் அலி நுழைந்ததை, மலைமேல் திரண்டு நிற்கும் கருமேகமாகவும் பிறகு நெருப்பாகவும் பஞ்சமாகவும் அவர் வருணித்தார். 28 ஆண்டுகளுக்கு முன் தானே வகுத்த உன்னதத்தின் இலக்கணம் அந்தப் பேச்சில் வரிக்கு வரி தெரிவதாகவே நான் நினைக்கிறேன். அதே உரையில் நம் ஊர் ஏரிகளும் வருகின்றன. கர்நாட்டிக்கிலும் தஞ்சையிலும் பத்தாயிரத்துக்குக் குறையாத ஏரிகள் இருக்கும் என்று சொல்லி, அவற்றை வெட்டிய மன்னர்களை மனமாரப் போற்றினார், இந்தியாவில் ஒருமுறையும் கால் வைக்காத பர்க்.

பர்க் உன்னதம் பற்றி எழுதிய அதே 1757இல் வந்தது தத்துவஞானி டேவிட் ஹியூமின் ரசனை பற்றிய கட்டுரை. அதில் ‘டான் கிஹோட்டே’ நாவலிலிருந்து ஒரு கதை சொல்கிறார். ஒரு பீப்பாய் ஒயினைச் சுவைத்த இருவரில் ஒருவருக்குத் தோல் வாடை, இன்னொருவருக்கு இரும்பு வாடை. ஊரே சிரித்தது. பீப்பாய் காலியானதும் அடியில் தோல்வார் கட்டிய ஒரு சாவி கிடந்தது!

பாம்புகள் சுற்றி நெரிக்கும் டிராய் நகரப் பூசாரி லாவோகூனின் சிலை 1506இல் ரோமின் ஒரு திராட்சைத் தோட்டத்தில் கிடைத்தது. வேதனையிலும் அவன் ஏன் வாய்விட்டு அலறவில்லை? உயர்ந்த உள்ளத்தின் அடக்கம் என்றார் ஜெர்மானியக் கலை வரலாற்றாளர் வின்கெல்மான், 1755இல். இல்லை, சிற்பி ஒரே ஒரு கணத்தைத்தான் நிறுத்திக் காட்ட முடியும்; உச்சத்தைக் காட்டிவிட்டால் பார்ப்பவரின் கற்பனைக்கு வேலை இருக்காது என்றார் நாடகாசிரியர் லெஸ்ஸிங், 1766இல். இதை எழுதியபோது இருவருமே ரோமில் உள்ள மூலச்சிலையைப் பார்த்திருக்கவில்லை.

துன்பியல் நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி ‘கதார்சிஸ்’ செய்கிறது என்ற அரிஸ்டாட்டில், அது என்னவென்று தன் ‘கவிதையியல்’ நூலில் விளக்கவே இல்லை. அறநெறித் தூய்மை என்று பலர் பொருள் கொண்டிருந்த காலத்தில், 1857இல் யாக்கோப் பெர்னைஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் அது மருத்துவச் சொல், உடலில் தேங்கியதை வெளியேற்றுவதைப் போல உணர்ச்சியை வெளியேற்றுவது என்று நிறுவ முயன்றார். அவருடைய தம்பி மகள் மார்த்தாவை 1886இல் மணந்தவர் சிக்மண்ட் ஃப்ராய்ட். 1895இல் மருத்துவர் ப்ராயரும் ஃப்ராய்டும் சேர்ந்து வெளியிட்ட நூலில் மனநோய்ச் சிகிச்சைக்கு வைத்திருந்த பெயர், ‘கதார்சிஸ் முறை’.