நீர்மேல் குடிகளும் நிலத்துச் சட்டமும்

புதிதாக ஒருவனைக் கண்டால் நம்மவர் முதலில் கேட்பது, "எந்த ஊர்?" என்பதே. பேரைக்கூடப் பிறகுதான் விசாரிப்பார்கள். ஊர் தெரிந்தால் ஆள் தெரிந்ததாக நமக்கொரு நிம்மதி. சர்க்காருக்கும் இதே சுபாவம் உண்டு. வரி விதிக்க, வாக்குரிமை வழங்க, குழந்தையைப் பள்ளியில் சேர்க்க, நோயாளியை வைத்தியரிடம் பதிய, எதற்கும் அதற்கு ஒரு விலாசம் வேண்டும். விலாசமுள்ளவன் பிரஜை, இல்லாதவன் சந்தேகத்துக்கு இடமானவன். வீடு இருந்தும் மனை இல்லாத ஒரு கூட்டத்தாரை இத்தகைய சட்டம் என்ன செய்யும்? விடை காண விரும்புவோர் இங்கிலாந்தின் கால்வாய்களைச் சற்று நோக்கவேண்டும். ஒருவனுடைய வீடே அவனுடைய கோட்டை என்று பெருமை பேசும் தேசம் அது. அந்த வீடு தண்ணீரில் மிதக்குமாயின் கோட்டையின் கதி யாது என்பதே நாம் சொல்ல வந்த விஷயம்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நாட்டில் கால்வாய்கள் ஏராளமாக வெட்டப்பட்டன. நிலக்கரியும் இரும்பும் பீங்கானும் அவற்றின் வழியே சென்றன. பின்னர் ரயில் வந்தது. சரக்குக் கூலி வீழ்ந்தது. படகோட்டியின் வருமானம் கரையில் வீட்டு வாடகை கொடுக்கப் போதாமற் போயிற்று. ஆகவே அவன் மனைவி மக்களைப் படகிலேயே குடியேற்றினான். கூலியின்றி வேலை செய்ய வேறு ஆட்கள் ஏது? மனைவி சுக்கான் பிடித்தாள். மக்கள் கரையோரம் குதிரையை ஓட்டினார்கள். அப்படகின் நீளம் ஏறக்குறைய 70 அடி, அகலம் 7 அடி. ஆனால் அந்த நீளமெல்லாம் சரக்குக்கு. குடும்பத்துக்கு உரியது பின்புறத்தில் 10 அடி நீளமும் இல்லாத ஒரு சிற்றறை. சமையலும், படுக்கையும், பிரசவமும், மரணமும் அவ்வறைக்குள்ளேயே.

கரையில் வாழ்ந்தோர் இவர்களை எப்படிப் பார்த்தனர்? "நீர் நாடோடிகள்" என்று ஏளனப் பெயர் வைத்தனர். அழுக்கர், குடியர், திருடர் என்று பழித்தனர். பழித்தவர்களின் அடுப்பில் எரிந்த கரி இவர்கள் கொண்டுவந்து இறக்கியது! உழைப்பு வேண்டும், உழைப்பவன் வேண்டாம் என்பது உலகமெங்கும் வசதியுள்ளோர் கொள்கை போலும்.

இந்நிலையைப் பார்லிமெண்டின் காதில் விழச் செய்தவர் கோல்வில் ஊரைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்மித். செங்கற் சூளையில் சிறுவனாக உழைத்து வளர்ந்த அவர், சூளைச் சிறுவருக்காக முதலில் போராடினார். பிறகு கால்வாய்ச் சிறுவர் பக்கம் திரும்பினார். அவருடைய விடாமுயற்சியால் 1877இல் கால்வாய்ப் படகுச் சட்டமும், அதைப் பலப்படுத்தி 1884இல் மற்றொன்றும் பிறந்தன. குடியிருக்கும் படகு ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு ஸ்தல ஸ்தாபனத்தில் பதிவாகவேண்டும். இத்தனை பேர்தாம் வசிக்கலாம் என்று வரையறுக்கப்படும். அதிகாரிகள் ஏறிப் பார்வையிடலாம். நோக்கம் நல்லதே. எனினும் படகோட்டிகள் ஸ்மித்திடம் அத்தனை நன்றி பாராட்டவில்லை. அவர்களுடைய துயரத்தை விளக்கப் புகுந்தவர் அவர்களுடைய ஒழுக்கத்தையும் மிகைபடத் தூற்றிவிட்டார். தன்மானத்தை விலையாகக் கேட்கும் தயவை எந்த ஏழைதான் விரும்புவான்?

மேலும் அச்சட்டத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. படகு எந்த ஊரில் பதிவாயிற்றோ, படகிலுள்ள குழந்தை அவ்வூர்க் குழந்தையாகக் கருதப்பட்டுக் கல்விச் சட்டம் அங்கே அதற்குப் பொருந்தும். ஆனால் படகு அவ்வூரில் நிற்பதெங்கே? இன்று ஓர் ஊர், நாளை மற்றோர் ஊர் என்று சரக்குப் போகுமிடமெல்லாம் போகிறது. பதிவான ஊரோ குழந்தையைக் காண்பதில்லை. குழந்தை நிற்கும் ஊரோ, "இது நம் குழந்தையன்று" என்கிறது. கடைசியில் குழந்தை எழுத்தறியாமல் வளர்ந்தது.

இதற்குப் பெரியோர் கண்ட பரிகாரம் யாது? நெவில் சேம்பர்லேன் தலைமையில் அமைந்த கமிட்டி 1921இல் ஆராய்ந்து, பள்ளி நடக்கும் காலங்களில் பள்ளி வயதுச் சிறுவர் படகில் வசித்தலாகாது என்று சிபார்சு செய்தது. 1929இல் அதே நோக்கத்துடன் ஒரு மசோதாவும் வந்து, நிறைவேறாமல் போயிற்று. தாயையும் பிள்ளையையும் பிரிக்கும் யோசனை சுலபமாக வந்தது. கரையில் ஒரு வீடு வைத்துக்கொள்ளும் அளவு தகப்பனுக்குக் கூலி கொடுத்தால் என்ன என்ற யோசனைக்கு மட்டும் அத்தனை ஆதரவு கிட்டவில்லை!

1948இல் கால்வாய்களிற் பெரும்பாலானவை தேசவுடைமையாயின. 1963ஐ ஒட்டி அச்சிறு படகுகளின் சரக்குப் போக்குவரத்து அநேகமாக முடிவுற்றது. பழைய படகோட்டிகள் கரையேறினார்கள். ஆனால் சரித்திரம் திரும்பிற்று. நகரங்களில், விசேஷமாக லண்டனில், வீட்டு வாடகை வானளாவ உயர, தொழிலாளரும், தாதியரும், ஆசிரியரும், ஓய்வு பெற்ற முதியோரும் படகுகளில் குடியேறலாயினர். அன்று படகோட்டியை நீருக்குத் தள்ளிய அதே வாடகை இன்று இவர்களையும் தள்ளியிருக்கிறது.

இவர்களை ஆளுவது 1995ஆம் ஆண்டுச் சட்டம். படகை நிறுத்த நிரந்தரமான துறை உடையவனுக்கு லைசென்ஸ் உண்டு. அத்தகைய துறை இல்லாதவன், உண்மையாகவே பிரயாணத்துக்குப் படகை உபயோகிப்பதாகவும், ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாட்களுக்கு மேல் நிற்பதில்லை என்றும் காட்டவேண்டும். நியாயமான காரணமிருந்தால் அதிக நாள் நிற்கலாம். "ஓரிடம்" என்றால் எவ்வளவு தூரம், எத்தனை தொலைவு போனால் பிரயாணம் என்று சட்டம் சொல்லவில்லை. 2012 முதல் கால்வாய்களை நிர்வகிக்கும் தர்மஸ்தாபனமே அதைத் தீர்மானிக்கிறது. அதற்குத் திருப்தியில்லையேல் லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் இல்லையேல், 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி 28 நாள் நோட்டீஸ் கொடுத்துப் படகையே அகற்றலாம். மற்றவனுக்குப் படகு போவது வாகனம் போவது. இவனுக்கோ வீடே போவது.

இதன் பொருளை நேயர்கள் ஊன்றிப் பார்க்கவேண்டும். பணமுள்ளவன் துறைக்கு வாடகை கொடுத்து நிம்மதியாக நிற்கலாம். பணமில்லாதவன் பதினான்கு நாளுக்கொரு முறை வீட்டோடு நகரவேண்டும். குழந்தையின் பள்ளியும் தன் வேலையும் அங்கேயே நிற்க, அவன் மட்டும் நகர்ந்துகொண்டேயிருக்க வேண்டும். போதாக்குறைக்கு 2024 ஏப்ரல் முதல், துறையில்லாத படகுகளுக்கு லைசென்ஸ் கட்டணமும் கூடுதலாக்கப்பட்டது.

துறையில் நிற்பவனுக்கேனும் உறுதி உண்டா? தேம்ஸ் நதியில் செல்சீ கரையோரம் கட்டப்பட்ட ஒரு படகு வீட்டில் வாடகைக்கு இருந்தவரின் வழக்கு 2000ஆம் ஆண்டில் அப்பீல் கோர்ட்டுக்கு வந்தது. கயிறும் குழாயும் கரையோடு பிணைத்திருப்பினும், அப்படகு நிலத்தின் பகுதியாகாது, அசையும் பொருளே என்று தீர்ப்பாயிற்று. ஆகவே வீட்டுக் குடித்தனக்காரனைக் காக்கும் சட்டம் அவரைக் காக்கவில்லை. ஓட்டைக் குடிசையில் இருந்தாலும் உரிமை உண்டு. உறுதியான படகில் இருந்தால் இல்லை! வேடிக்கையைப் பாருங்கள்: நகராமல் நிற்பவனிடம் "உன் வீடு அசையும் பொருள்" என்கிறது சட்டம், நகர முடியாமல் தவிப்பவனிடம் "ஏன் அசையவில்லை?" என்கிறது.

மறுபக்கத்து நியாயத்தையும் மறைப்பதற்கில்லை. கால்வாய் பொதுச் சொத்து. வந்தவரெல்லாம் நிலையாக நின்றுவிட்டால் பிறருக்கு இடமேது? படகின் புகையும் எஞ்சின் ஓசையும் கரையில் வசிப்போருக்குத் தொல்லை என்பதும் பொய்யன்று. ஒழுங்கு வேண்டும், கட்டணமும் வேண்டும். ஆனால் ஒழுங்கு வேறு, ஒழிப்பு வேறு. மனம் வைத்தால் சட்டம் வளைந்துகொடுக்கும் என்பதற்கு அந்நாட்டிலேயே அத்தாட்சி உண்டு. நிலையான விலாசமில்லாதவர், ஓர் ஊரோடு தமக்குத் தொடர்பு உண்டென்று பிரகடனம் செய்து வாக்காளராகலாம் என்று 2000இல் சட்டமாயிற்று. படகு வீடுகள் நிறுத்தும் இடங்களின் தேவையை ஸ்தல ஸ்தாபனங்கள் கணக்கெடுக்க வேண்டும் என்று 2016இல் விதிக்கப்பட்டது. வாக்குக்குப் போதுமான அந்தப் பிரகடனம் பள்ளிக்கும் வைத்தியத்துக்கும் குடியிருப்புக்கும் ஏன் போதாது?

நமக்கு இது அயலார் கதையன்று. அலைந்து திரிபவன் குற்றவாளி என்ற அதே மனப்பான்மைதான் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டமாக இந்நாட்டின்மீது சுமத்தப்பட்டது. எத்தனையோ சமூகத்தார் பிறந்த குற்றத்துக்காகப் போலீசில் ரேகை வைத்தனர். அச்சட்டம் 1952இல் நாடெங்கும் நீங்கிற்று, மனப்பான்மை நீங்கிற்றா? ஊர் ஊராகப் போய்ப் பிழைப்போரின் குழந்தையிடம் நம் காரியாலயங்கள் இன்றும் முதலில் கேட்பது விலாசச் சான்றுதானே?

ஓரிடத்தில் பல காலம் தங்கி, உழைத்து, கட்டணம் செலுத்தி வாழ்பவனுக்கு அந்த இடமே ஊர். அவன் காலின்கீழ் மண் இருந்தாலென்ன, நீர் இருந்தாலென்ன? படகு கட்டும் துறைகளை ஊர்தோறும் நியாயமான வாடகைக்கு அமைத்து, பள்ளியாண்டு முடியும்வரை குழந்தையுள்ள குடும்பத்தை நிற்கவிட்டு, வீட்டுக் குடிக்குள்ள பாதுகாப்பைப் படகுக் குடிக்கும் அளிப்பதால் எந்த ராஜ்யமும் மூழ்கிவிடாது. "எந்த ஊர்?" என்று கேட்பது தவறன்று. பதில் சொல்ல முடியாத நிலையில் ஒருவனை வைத்துவிட்டு, அக்கேள்வியையே அவன்மீது குற்றமாகச் சாட்டுவதுதான் அநீதி.