குணசீலத்தில் தீர்த்தமும் மருந்தும்

திருச்சியிலிருந்து முசிறி செல்லும் சாலையில், காவிரியின் வடகரையில் உள்ளது குணசீலம். செங்கோல் ஏந்திய பிரசன்ன வேங்கடாசலபதியின் சந்நிதியில், மனம் நலிந்தோரின் முகத்தில் தீர்த்தம் தெளிக்கப்படுகிறது. 48 நாள் தங்கிச் சேவிப்பது மரபு. ஆலயத்தைச் சார்ந்து மனநல மறுவாழ்வு மையமும் இயங்குகிறது. தீர்த்தத்துக்கும் மாத்திரைக்கும் அங்கே பகை இல்லை.

பகை இருப்பது நம் இல்லங்களில்தான். பிள்ளை உறக்கமின்றித் தவிப்பதும் உணவை ஒதுக்குவதும் திமிர் என்றே கொள்ளப்படுகின்றன. வெளியே தெரிந்தால் வரன் அமையாதே என்ற அச்சம் வைத்தியத்தைத் தள்ளிப்போடுகிறது. காய்ச்சலுக்கு இந்தக் கூச்சம் எழுவதில்லை!

குருக்ஷேத்திரத்தில் காண்டீபம் நழுவ நின்ற அர்ஜுனன் புலம்பி முடிக்கும் வரை கண்ணன் இடைமறிக்கவில்லை. உபதேசம் அதன் பின்னரே. பெற்றோரும் முதலில் செவிசாய்க்கலாம்.

2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. சாக வேண்டும் என்ற சொல் பிள்ளையின் வாயில் வந்துவிட்டால் நாள் பார்த்தல் ஆகாது. தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். குணசீலத்துக்குப் பிறகு செல்லலாம், பெருமாள் காத்திருப்பார்.