மெசேஜ் யார் போனுக்குப் போகிறது?

கணக்கில் இருந்து காசு பறிபோனால் என்ன செய்வது என்று யாரைக் கேட்டாலும் ‘1930-க்கு போன் போடு, கார்டை பிளாக் பண்ணு’ என்பார்கள். சரியான பதில்தான். ஆனால், காசு போனதே தெரியாதவர் என்ன செய்வார்?

வட மாவட்டம் ஒன்றின் சிற்றூர். வங்கிக் கிளையில் முதியோர் உதவித்தொகை எடுக்க வந்த மூதாட்டியின் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக் கொடுத்தார்கள். ஆதார் கைரேகை வழியாக மூன்று முறை பணம் எடுக்கப்பட்டிருந்தது. இவர் எங்கேயும் ரேகை வைக்கவில்லை.

“மெசேஜ் வந்திருக்குமே, பாக்கலையாம்மா?”

“அது பேரன் போனுக்குத்தான் போகும் சார். அவன் திருப்பூர்ல வேலைக்கு இருக்கான்.”

பேரனுக்கு மெசேஜ் போயிருக்கிறது. நூறு விளம்பர மெசேஜ்களுக்கு நடுவே அதையும் தள்ளிவிட்டிருக்கிறான்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, தப்பு வங்கி மீதும் இல்லை, வாடிக்கையாளர் மீதும் இல்லை, வெளியாள் கைவரிசை என்றால், தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. தகவல் வந்த நாள் கணக்கில் சேராது. 4 முதல் 7 வேலை நாட்கள் ஆகிவிட்டால், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய் வரையும், அடிப்படைக் கணக்குக்கு 5,000 ரூபாய் வரையும் நாமே ஏற்க வேண்டிவரும். அதையும் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படிதான். உதவித்தொகையை நம்பி வாழ்பவருக்கு 5,000 என்பது பல மாதச் சோறு.

தகவல் போனது பேரனுக்கு. நாள் எண்ணப்படுவது பாட்டிக்கு!

கவுன்ட்டரில் இருப்பவர்களைக் கேட்டால், “நம்பரை மாத்துங்கன்னு நாங்களும் கத்திக்கிட்டேதான் இருக்கோம், யார் கேட்கிறாங்க?” என்கிறார்கள். அதிலும் உண்மை உண்டு. ஆனால், கணக்கு தொடங்கிய அவசரத்தில் பக்கத்தில் நின்றவரின் நம்பரை எழுதிக்கொண்டதும் அதே கவுன்ட்டர்தானே?

கைரேகை மோசடிக்கு ஓடிபி தேவையில்லை. ஆதார் எண்ணும் நகல் எடுத்த ரேகையும் போதும். ஆதாரில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கலாம் என்கிறார்கள். செயலியில் அதைச் செய்யவும் ஆதாரில் பதிவு செய்த நம்பருக்குத்தான் ஓடிபி வரும். அதுவும் பேரன் நம்பராக இருந்தால்? சுற்றிச் சுற்றி அதே இடத்தில்தான் வந்து நிற்கிறோம்.

மோசடி மட்டுமல்ல. கேட்காமலே 436 ரூபாயும் 20 ரூபாயும் காப்பீட்டு பிரீமியமாகப் பிடிக்கப்பட்டதாகப் புலம்புபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கையெழுத்துப் போட்ட படிவத்தைக் காட்டச் சொல்லும் உரிமை நமக்கு இருக்கிறது. ஆனால், வருடத்துக்கு ஒருமுறை போகும் அந்தப் பணம் மெசேஜைப் பார்ப்பவர் கண்ணில் மட்டும்தான் படும்.

எப்போது தெரிந்தாலும் வாயால் சொல்லிவிட்டு வீடு திரும்பாதீர்கள். எழுதிக் கொடுங்கள், தேதியோடு புகார் எண் வாங்குங்கள். அனுமதியில்லாத பரிவர்த்தனை என்றால், புகார் சொன்ன 10 வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் புகாரை முடிக்க வேண்டும் என்கிறது அதே சுற்றறிக்கை. ‘உங்கள் கவனக்குறைவுதான்’ என்று கைவிரித்தால், அதை நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது. 30 நாட்களில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

இத்தனை உரிமையும் பயன்பட வேண்டுமானால், கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவர் கையில் இருக்கும் போனுக்கு மெசேஜ் போக வேண்டும். பட்டன் போன் போதும். படிக்கத் தெரியாதவர் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் காட்டிக்கொள்வார். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மகன்களும் பேரன்களும், திரும்பும் முன் பெரியவர்களைக் கிளைக்கு அழைத்துப்போய் நம்பர் மாற்றும் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வரட்டும்.