30 அடி வால் வளர்க்கும் சேவல்!

ஒரு சேவலின் வால் எவ்வளவு நீளம் இருக்கும்?

ஒரு முழம் இருக்கலாம். மிஞ்சினால் ஒன்றரை முழம்.

ஜப்பான் நாட்டில் ஒரு சாதிச் சேவல் உண்டு. அதன் வால் 10 மீட்டருக்கு மேல்கூட வளர்ந்திருக்கிறது. அதாவது 30 அடிக்கும் அதிகம்! இரண்டு மாடி வீட்டின் உச்சியில் அதை நிறுத்தினால், வால் தெருவைத் தொடும்!

அந்தச் சேவலின் பெயர் "ஓனகடோரி". "நீண்ட வால் கோழி" என்பது இதன் பொருள்.

வால்தான் பெரிது. உடல் சிறியது. சேவலின் எடை 2 கிலோவுக்கும் குறைவுதான்.

ஈட்டிக்கு அலங்காரம்

ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் ஒன்று ஷிகோகு. அங்கே கோச்சி என்ற மாகாணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் அதற்கு "தோசா" என்று பெயர். ஓனகடோரியின் பிறந்த வீடு அதுதான். அங்குள்ள நான்கோக்கு நகர்ப் பகுதியில்தான் இந்தக் கோழி பரம்பரை பரம்பரையாக வளர்க்கப்பட்டு வந்திருக்கிறது.

தோசாவை ஆண்ட பிரபுக்கள், எடோவுக்கு ஊர்வலமாகப் போவார்கள். இன்றைய டோக்கியோதான் அன்றைய எடோ. ஊர்வலத்தில் வீரர்கள் ஈட்டி ஏந்தி வருவார்கள். அந்த ஈட்டிகளை நீண்ட இறகுகளால் அலங்கரிப்பது வழக்கம். அதனால் நல்ல வால் உள்ள சேவலுக்கு மதிப்பு ஏறியது. விவசாயிகள் நீண்ட வால் சேவல்களாகப் பார்த்துப் பொறுக்கி இனம் பெருக்கினார்கள்.

பிரபுக்களின் ஆட்சி 19-ம் நூற்றாண்டில் முடிந்தது. ஈட்டி ஊர்வலமும் போயிற்று. ஆனால் கோழி வளர்ப்பு நிற்கவில்லை!

உதிராத இறகு

வால் இவ்வளவு நீளமாக வளரக் காரணம் என்ன?

கோழிகள் ஆண்டுக்கு ஒரு முறை பழைய இறகை உதிர்க்கும். புது இறகு முளைக்கும். அதனால்தான் சாதாரணச் சேவலின் வால் ஓர் அளவோடு நின்றுவிடுகிறது.

ஓனகடோரிச் சேவலுக்கு மற்ற இறகுகள் உதிரும். வால் பகுதியில் உள்ள சில இறகுகள் மட்டும் உதிர்வதில்லை. அவை வளர்ந்துகொண்டே போகும். ஆண்டுக்கு இரண்டு, மூன்று அடி வளரும். 30 அடி வால் வேண்டுமானால், பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

பெட்டைக்கோழிக்கு இந்த அதிசயம் கிடையாது. அதன் வால் குட்டைதான்.

பீரோவுக்குள் ஒரு வாழ்க்கை

இத்தனை நீள வாலோடு சேவல் தரையில் திரிந்தால் என்ன ஆகும்? வால் மண்ணில் புரளும். காலில் மிதிபடும். இறகு ஒடிந்துவிடும்.

அதனால் அதற்கென்று ஒரு தனிப் பெட்டி செய்தார்கள். பெயர் "தோமேபாக்கோ". பீரோவைப் போல உயரமாக இருக்கும். அகலம் மிகக் குறைவு. சேவல் உள்ளே திரும்பக்கூட முடியாது. உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பு. அதன் மேல் சேவல் உட்கார்ந்திருக்கும். வால் கீழே தொங்கும். மேலும் நீண்டால் சுருட்டி வைப்பார்கள். இந்தப் பெட்டி வந்த பிறகுதான் மிக நீண்ட வால்கள் சாத்தியமாயின.

சேவலுக்கு நடை வேண்டாமா? வேண்டும். அவ்வப்போது அதை வெளியே இறக்கி நடக்க விடுவார்கள். சேவல் முன்னே போகும். வாலை ஏந்திக்கொண்டு மனிதர் பின்னே போவார்! தீவனம், தண்ணீர், சுத்தம் எல்லாம் வேளை தவறக் கூடாது. ஒரு நாள் கவனக்குறைவு, பல ஆண்டு உழைப்பைக் கெடுத்துவிடும்.

"பறவையை இப்படிப் பெட்டிக்குள் வைக்கலாமா?" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். வாலின் அழகுக்கு விலை கொடுப்பது சேவல் அல்லவா?

வாலா? வம்சமா?

வளர்ப்பவருக்கும் ஒரு தர்மசங்கடம் உண்டு.

மிக நல்ல வால் உள்ள சேவலின் குஞ்சுகளுக்கே நல்ல வால் அமைய வாய்ப்பு அதிகம். ஆனால் அந்தச் சேவலைப் பெட்டைகளோடு தரையில் விட்டால், வால் பாழாகிவிடும். பெட்டிக்குள்ளேயே வைத்தால், வால் தப்பும். ஆனால் வம்சம் விருத்தியாகாது.

எதை இழப்பது? வாலையா, வம்சத்தையா?

இதற்கு ஒரு வழி உண்டு. ஒரே தாய்க்குப் பிறந்த சேவல்களில் ஒன்றை வாலுக்காகப் பெட்டியில் வைக்கலாம். இன்னொன்றைத் தரையில் பெட்டைகளோடு விடலாம். தரையில் திரியும் சேவலை யாரும் படம் பிடிக்க மாட்டார்கள். ஆனால் அடுத்த தலைமுறை அதனிடமிருந்துதான் வர வேண்டும்!

பெட்டையைத் தேர்ந்தெடுப்பது அதைவிடக் கஷ்டம். நீள வாலுக்கான குணம் பெட்டையின் இரத்தத்திலும் இருக்கிறது. ஆனால் வெளியே தெரியாது. அதன் தகப்பனையும், உடன் பிறந்த சேவல்களையும் பார்த்துத்தான் கணிக்க வேண்டும். குஞ்சு பொரித்த உடனேயும் எதுவும் தெரிந்துவிடாது. சேவல் வளர்ந்து, இறகு உதிர்க்கும் பருவம் வரும்போதுதான் வால் நிற்கிறதா, விழுகிறதா என்பது தெரியும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கோழிகள் எண்ணிக்கையில் குறைவு. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் சேர்த்தால் முட்டை பொரிப்பது குறையும். குஞ்சுகள் நோஞ்சானாகும். வேறு சாதியைக் கலந்தால் உடல் தேறும். ஆனால் வால் போய்விடும்.

ஜெர்மனியில் இது கண்கூடாகத் தெரிந்தது. 19-ம் நூற்றாண்டில் ஜப்பானிய நீள வால் கோழிகளை அங்கே கொண்டுபோனார்கள். வேறு கோழிகளோடு கலந்து "ஃபீனிக்ஸ்" என்ற சாதியை உண்டாக்கினார்கள். அழகான கோழிதான். ஆனால் அது வால் இறகையும் உதிர்த்துவிடுகிறது. அதனால் 30 அடி என்ற பேச்சுக்கே இடமில்லை!

சட்டம் தீவனம் போடாது

1923-ல் ஜப்பான் அரசாங்கம் ஓனகடோரியை "இயற்கைச் சின்னம்" என்று அறிவித்தது. இரண்டாம் உலகப் போர் வந்தது. மனிதருக்கே அரிசி கிடைக்காத காலம். கோழிக்கு யார் போடுவார்கள்? இனம் மிகவும் குறைந்துபோயிற்று. எஞ்சியவற்றை வைத்து மறுபடியும் இனத்தைப் பெருக்கினார்கள். 1952-ல் இது "சிறப்பு இயற்கைச் சின்னம்" ஆயிற்று. ஜப்பானில் 17 கோழி வகைகள் இயற்கைச் சின்னங்களாக உள்ளன. அவற்றில் "சிறப்பு" என்ற பட்டம் பெற்றது இது ஒன்றுதான்.

சட்டம் காவல் நிற்கிறது. ஆனால் சட்டம் தீவனம் போடாது. தினமும் பெட்டியைச் சுத்தம் செய்யாது. அதற்கு மனிதர் வேண்டும். ஜப்பானியக் கிராமங்களிலோ முதியவர்கள் பெருகிவிட்டார்கள். வாலைப் பிடித்துக்கொண்டு சேவலின் பின்னே நடக்கும் பொறுமையுள்ள இளைஞர்கள் குறைவு.

பழைய வாளைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்தால், நூறு ஆண்டு கழித்தும் வாளாகவே இருக்கும். கோழியை அப்படிப் பூட்டி வைக்க முடியாது. ஒவ்வொரு தலைமுறையிலும் யாராவது ஒருவர் முட்டையை அடை வைத்தாக வேண்டும். ஒரே ஒரு தலைமுறை கைவிட்டால் போதும். பல நூறு ஆண்டு உழைப்பு அதோடு முடிந்துவிடும்!